காது மெஷின் பலன் தருகிறதா? அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

காது கேட்கும் கருவி மாட்டிய மறுநாளிலிருந்து எல்லோரும் கேட்பது, “இப்போ நல்லா கேட்குதா?” என்பதுதான். மாட்டியவரும் “பரவாயில்லை” என்பார். கருவியின் ஒலி போதவில்லையா, ஒலி இருந்தும் பேச்சு புரியவில்லையா, கருவியே பாதி நாள் அலமாரியில்தான் கிடக்கிறதா, இல்லை நிஜமாகவே பரவாயில்லையா? அந்த ஒரு சொல்லை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

என் அம்மாவுக்குக் கருவி வாங்கியபோது நாங்கள் இந்தக் குழப்பத்தில்தான் இருந்தோம். பொருத்திய இடத்தில் ஆடியோகிராமை, அதாவது செவித்திறன் சோதனையின் வரைபடத்தை, காட்டி “எல்லாம் சரியாக இருக்கிறது” என்றார்கள். வீட்டிலோ டி.வி. சத்தம் குறையவே இல்லை. பெரியவர்களின் செவித்திறன் சிகிச்சையில் பலனை அளக்க முறையான வழிகள் உண்டு என்பதும், அவற்றில் பாதியைக் கருவி மாட்டும் முன்பே செய்துவிட வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. புதிதாக இதில் இறங்குபவர்கள் எதை, எந்த வரிசையில் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்களுக்காகப் போனாலும் வீட்டுப் பெரியவருக்குத் துணையாகப் போனாலும் வரிசை ஒன்றுதான்.

1. முதலில் காதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள்

காதில் அழுக்கு அடைத்திருக்கும்போது எடுத்த ஆடியோகிராமில் அந்த அடைப்பும் சேர்ந்தே பதிவாகும். அதை நம்பிக் கருவியை ட்யூன் செய்தால் பின்னால் வரும் எல்லா அளவும் தப்பாகிவிடும். அதனால் விளக்கு வைத்துக் காதுக்குள் பார்ப்பதும், நடுக்காது சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரியும் முதலில் முடியட்டும்.

ஒரு காது மட்டும் மந்தமாவது, ஒரே பக்கம் இரைச்சல், சீழ், வலி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கருவி பார்க்கப் போக வேண்டாம். நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மூன்று நாளுக்குள் திடீரென்று கேட்பது குறைந்துபோனால் அது அவசரநிலை. அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதற்கான சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

2. மாட்டும் முன் இருக்கும் நிலையைப் பதிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். “முன்பு எப்படி இருந்தது” என்ற பதிவு இல்லாமல் பலனைச் சொல்லவே முடியாது. கருவி மாட்டி இரண்டு மாதம் கழித்து “முன்னாடி எவ்வளவு கஷ்டமாக இருந்தது?” என்று நினைவிலிருந்து எழுதினால் அது நம்பகமாக இருக்காது. மனம் புது நிலைக்குப் பழகிவிடும், பழைய கஷ்டம் சிறிதாகவோ பெரிதாகவோ தோன்றும். மூன்று சோதனைகள் தேவை.

முதலாவது ஆடியோகிராம். பொதுவாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று டெசிபலில் காட்டும் படம் இது. வலது காதுக்கு வட்டம், இடது காதுக்குப் பெருக்கல் குறி. 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் அளவுகளின் சராசரியை வைத்து உலக சுகாதார நிறுவனம் குறைபாட்டை வகைப்படுத்துகிறது. நன்றாகக் கேட்கும் காதில் சராசரி 20 டெசிபலுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 20க்கு மேல் 35க்குள் லேசானது, 50க்குள் மிதமானது, 65க்குள் மிதமானதைவிடக் கொஞ்சம் கடுமை, 80க்குள் கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை.

இந்தச் சராசரியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். இருவருக்கும் சராசரி 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு எல்லாச் சுருதியிலும் ஒரே அளவு குறைந்திருக்கும். இன்னொருவருக்குத் தாழ்ந்த சுருதிகள் நன்றாகவே கேட்கும், உயர்ந்தவை மட்டும் சரிந்திருக்கும். “சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல” என்பவர் பெரும்பாலும் இரண்டாமவர்தான். ‘ஸ’, ‘ஷ’, ‘ச’ போன்ற ஒலிகள் அந்த உயர்ந்த சுருதிகளில்தான் இருக்கின்றன. ஆகவே சராசரி எண் மட்டும் போதாது, முழுப் படத்தின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் கருவி மாட்டிய பிறகு மறுபடி ஆடியோகிராம் எடுத்து, “கோடு அப்படியே இருக்கிறதே, மெஷினால் ஒன்றும் ஆகவில்லை” என்று மனம் உடைந்துபோகிறார்கள். கருவி காதைக் குணப்படுத்துவதில்லை. கருவி இல்லாமல் எடுக்கும் ஆடியோகிராம் அதே இடத்தில் நிற்பதுதான் இயல்பு. காது மேலும் மோசமாகிறதா என்று பார்க்க அது உதவும், கருவியின் பலனைப் பார்க்க உதவாது.

இரண்டாவது, அமைதியான அறையில் சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்யும் பேச்சுச் சோதனை. முடிவைச் சதவீதத்தில் தருவார்கள். எத்தனை சொற்களை வைத்துச் சோதித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 25 சொற்கள் என்றால் ஒரு சொல்லுக்கு 4 சதவீதம். அப்படியானால் 72க்கும் 80க்கும் இடையில் இருப்பது இரண்டே சொற்கள்தான், அன்றைய அலுப்பிலேயே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். பத்துச் சொற்களை மட்டும் வைத்துச் சொல்லும் சதவீதத்தில் அர்த்தமே இல்லை. 50 சொற்கள் கிடைத்தால் நல்லது.

அப்புறம், சொற்கள் எந்த மொழியில் என்பதைக் கவனியுங்கள். சரளமாகப் பேசாத மொழியில் சோதித்தால், காதுக்கு எட்டியும் அந்த மொழி தெரியாததால் விடை தப்பலாம். தாய்மொழியில் சொற்பட்டியல் இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். இல்லையென்றால் எண்களை வைத்துச் செய்யும் சோதனை கேட்கலாம். எந்தப் பட்டியலில் தொடங்கினாலும் பிறகு அதே வகையில்தான் மறுபடி அளக்க வேண்டும்.

மூன்றாவது, இரைச்சலில் பேச்சுச் சோதனை. இதைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் கருவி வாங்க வருவதே நாலு பேர் நடுவில் பேச்சு புரியாததால்தான். அமைதியில் நல்ல மதிப்பெண் வாங்குபவர் இரைச்சலில் திணறலாம், ஆடியோகிராமைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. இந்தச் சோதனையில் பேச்சு இரைச்சலைவிட எத்தனை டெசிபல் உரக்க இருந்தால் புரிகிறது என்று அளப்பார்கள். எண் சிறியதாக இருந்தால்தான் நல்லது. 12லிருந்து 7க்கு வந்தால் முன்னேற்றம். சதவீதத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும், காகிதத்தின் ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாளில் கையோடு வாங்க வேண்டிய காகிதங்கள்: ஆடியோகிராம், டிம்பனோகிராம், இரண்டு பேச்சுச் சோதனைகளின் முடிவுகள் (சொற்பட்டியலின் பெயர், சொல் எண்ணிக்கை, எத்தனை டெசிபலில் ஒலிபரப்பினார்கள் என்பதோடு). “எங்கள் கணினியில் இருக்கிறது” என்பார்கள். இருக்கட்டும், நகல் உங்களிடமும் இருக்கட்டும். நாளைக்கு வேறு இடத்துக்குப் போனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி கிடையாது.

3. எங்கே கேட்க வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள்

ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய ‘கோசி’ என்ற முறை எனக்கு மிகவும் பிடித்தது. காகிதமும் பேனாவும் போதும். எந்தெந்தச் சூழலில் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அதிகபட்சம் ஐந்தைக் கருவி வாங்கும் முன் எழுத வேண்டும், முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த வேண்டும். கருவியோடு சில வாரம் பழகிய பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள். முன்பைவிட எப்படி: மோசமா, வித்தியாசமே இல்லையா, கொஞ்சம் மேலா, மேலா, மிகவும் மேலா? கருவியோடு இப்போது எவ்வளவு நேரம் புரிகிறது: அனேகமாக இல்லையா, எப்போதாவதா, பாதி நேரமா, பெரும்பாலுமா, கிட்டத்தட்ட எப்போதுமா?

எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் இதன் பலன் இருக்கிறது. “கூட்டத்தில் கேட்க வேண்டும்” என்று எழுதினால் பின்னால் அதை அளக்க முடியாது. எந்தக் கூட்டம், எத்தனை பேர், யார் பேசுவது? “வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது எதிரில் இருக்கும் பேத்தி பேசுவது ‘என்ன, என்ன’ என்று கேட்காமல் புரிய வேண்டும்” என்று எழுதுங்கள். “போனில் மகன் குரல், ஸ்பீக்கர் போடாமல்.” “மீட்டிங்கில் மேசையின் அந்தக் கோடியில் இருப்பவர் பேசுவது.” “டி.வி. செய்தி, மற்றவர்கள் வைக்கும் சத்தத்திலேயே.” “கதவு மணி, அடுத்த அறையிலிருந்து.” இப்படி ஆளும் இடமும் தெரிய வேண்டும்.

செவித்திறன் குறைந்தவர் தானே எழுதட்டும். வீட்டார் தங்கள் எரிச்சலைத்தான் முதலில் எழுதுவார்கள், பெரும்பாலும் அது டி.வி. சத்தமாக இருக்கும். ஆனால் அவருக்கோ தோழியோடு போனில் பேச முடியாததுதான் பெரிய இழப்பாக இருக்கலாம். அம்மாவின் பட்டியலில் டி.வி. நாலாவது இடத்தில்தான் இருந்தது. வீட்டார் வேண்டுமானால் தனியாக ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளலாம்.

எழுதியதை ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் நிபுணர்) காட்டுங்கள். “இதில் எது நடக்கும், எது முழுதாக நடக்காது?” என்று கேளுங்கள். மிக இரைச்சலான இடத்தில் தூரத்தில் இருப்பவர் பேசுவதைக் கருவியால் மட்டும் தெளிவாக்க முடியாமல் போகலாம், பேசுபவர் அருகில் வைக்கும் ரிமோட் மைக் தேவைப்படலாம். இதை முன்பே சொல்லிவிடுபவரை நம்பலாம். எல்லாம் நூற்றுக்கு நூறு நடக்கும் என்பவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

4. ஒரு கேள்வித்தாளைத் தேர்ந்தெடுங்கள்

செவித்திறன் குறைபாடு வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க நிறையக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நிரப்பினால் அலுப்புதான் மிஞ்சும். முன்னும் பின்னும் நிரப்ப ஒன்று, பின்னால் மட்டும் நிரப்ப ஒன்று போதும்.

எச்.எச்.ஐ.இ. என்பது முதியவர்களுக்காக 1982இல் வந்தது. வயது குறைந்தவர்களுக்கு அதன் இன்னொரு வடிவம் உண்டு. 25 கேள்விகளைக் கொண்ட முழு வடிவத்தைவிட 10 கேள்விகளைக் கொண்ட சுருக்க வடிவம் எளிது. ‘ஆம்’ என்றால் 4, ‘சில நேரம்’ என்றால் 2, ‘இல்லை’ என்றால் 0. மொத்தம் 40. 8 வரை பிரச்சினை பெரிதாக இல்லை, 26ஐத் தொட்டாலோ தாண்டினாலோ பாதிப்பு அதிகம். ஆட்களைத் தவிர்க்கிறீர்களா, வீட்டில் வாக்குவாதம் வருகிறதா என்பது போன்றவற்றைக் கேட்பதால் மனதளவில் ஏற்படும் பாதிப்பு இதில் வெளிவரும். முன்னுக்கும் பின்னுக்கும் 10 புள்ளியாவது குறைந்தால்தான் நிஜமான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏ.பி.எச்.ஏ.பி. 24 கேள்விகள் கொண்டது. எளிய சூழல், பின்னணி இரைச்சல், எதிரொலிக்கும் கூடம், உரத்த ஒலியின் தொந்தரவு என நாலு பிரிவாக மதிப்பெண் வரும். எங்கே பலன், எங்கே இல்லை என்று பிரித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு இது நல்லது. இதில் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: கருவி மாட்டிய பிறகு நாலாவது பிரிவு, அதாவது உரத்த ஒலியின் தொந்தரவு, முன்பைவிட மோசமாக வருவது சகஜம். இவ்வளவு நாள் காதில் விழாத பாத்திரச் சத்தமும் ஹாரனும் இப்போது விழுகின்றன அல்லவா. மற்ற மூன்றும் குறைந்து இது மட்டும் கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம். நிறைய ஏறினால் உரத்த ஒலிக்கான உச்சவரம்பைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஐ.ஓ.ஐ.-எச்.ஏ. என்பதில் ஏழே கேள்விகள். பல மொழிகளில் கிடைக்கிறது, கருவி மாட்டிய பிறகு மட்டும் நிரப்புவது. கடந்த இரண்டு வாரத்தில் தினமும் எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள் என்று தொடங்கி, எவ்வளவு உதவியது, இன்னும் எவ்வளவு சிரமம் இருக்கிறது, இது படும் பாட்டுக்குத் தகுந்ததா, உங்கள் செவித்திறனால் மற்றவர்களுக்கு எவ்வளவு தொல்லை, வாழ்க்கை எவ்வளவு மாறியிருக்கிறது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, மொத்தம் 35. மொத்த எண்ணைவிடத் தனித்தனி விடைகளைப் பார்ப்பது மேல். வீட்டில் இருப்பவர் நிரப்புவதற்கும் இதன் ஒரு வடிவம் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். இருவரும் தனித்தனியாக நிரப்பிவிட்டு ஒப்பிடும்போது, வீட்டில் அதுவரை பேசாமல் விட்ட சில விஷயங்கள் பேச்சுக்கு வரும்.

என் பரிந்துரை: கோசி, எச்.எச்.ஐ.இ. சுருக்க வடிவம், பின்னால் ஐ.ஓ.ஐ.-எச்.ஏ. மூன்றும் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகாது. வரவேற்பறையில் அவசரமாக நிரப்பாதீர்கள், வீட்டில் உட்கார்ந்து நிரப்பித் தேதி போடுங்கள். படிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்டலாம், ஆனால் விடையை அவர் வாயிலிருந்தே வாங்குங்கள். முன்பு வாசித்துக் காட்டியிருந்தால் பின்பும் அப்படியே செய்யுங்கள்.

5. பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள்

கருவியின் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குவது பெரிய தவறு. சில இடங்களில் ஒரே தொகைக்குள் சோதனை, பொருத்துதல், மறு ட்யூனிங் எல்லாம் அடங்கும். சில இடங்களில் கருவிக்கு ஒன்று, ஒவ்வொரு வருகைக்கும் ஒன்று எனத் தனித்தனியாக வாங்குவார்கள். எது மலிவு என்பது நீங்கள் எத்தனை முறை திரும்பப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புதியவர்கள் நிச்சயம் பல முறை போக வேண்டியிருக்கும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: பொருத்தும் நாளில் ரியல் இயர் மெஷர்மென்ட் (கருவியின் ஒலியைக் காதுக்குள்ளேயே அளப்பது) செய்வார்களா, அதற்குத் தனிக் கட்டணமா, எத்தனை மறு ட்யூனிங் இலவசம், எத்தனை மாதத்துக்குள், கருவியோடு செய்யும் பேச்சுச் சோதனை தொகைக்குள் அடங்குமா, சோதனைக் காலம் எத்தனை நாள், திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள், வாரண்டி தொலைந்துபோவதையும் உள்ளடக்குமா, பேட்டரி, குரும்பி வடிகட்டி, காது அச்சு ஆகியவற்றுக்கான தொடர்செலவு, வேறு இடத்திலும் ட்யூன் செய்யக்கூடிய கருவியா, இவர்களிடம் மட்டுமே முடியுமா.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சில கருவிகளின் மென்பொருள் விற்பவரிடம் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். ஊர் மாறினாலோ அவர்களோடு ஒத்துப்போகாவிட்டாலோ, நல்ல கருவி கையில் இருந்தும் பயன் இல்லாமல் போகும்.

சோதனைக் காலம் எப்போது தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். பணம் கட்டிய நாளிலிருந்தா, பொருத்திய நாளிலிருந்தா? பழகவே பல வாரம் ஆகும். அதனால் முடியும் தேதியை முதல் நாளே குறித்து, அதற்குப் பத்து நாள் முன்பாக ஒரு மறுசந்திப்பை அப்போதே பதிவு செய்துவிடுங்கள். அரசு உதவியோ காப்பீடோ பெறுவதாக இருந்தால் சோதனை முடிவுகளுக்கு எத்தனை மாதம் செல்லுபடி, யார் கையெழுத்து வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். வாங்கிய பிறகு விண்ணப்பித்தால் பல திட்டங்கள் ஏற்பதில்லை.

6. பொருத்தும் நாளில் ரியல் இயர் மெஷர்மென்ட் கேளுங்கள்

கருவியை ட்யூன் செய்யும் மென்பொருள் உங்கள் ஆடியோகிராமை எடுத்துக்கொண்டு, சராசரிக் காது ஒன்றை மனதில் வைத்து ஒலி அளவைக் கணக்கிடுகிறது. உங்கள் காதுக்குழாய் அந்தச் சராசரியைவிட அகலமாகவோ குறுகலாகவோ இருக்கலாம். திரையில் தெரியும் அளவு ஒன்று, செவிப்பறைக்குப் போய்ச் சேரும் அளவு வேறு. கணினி போட்டுத் தந்த முதல் ட்யூனிங்கை அப்படியே விட்டால் உயர்ந்த சுருதிகளில் ஒலி குறைவாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. பேச்சின் தெளிவோ அங்கேதான் இருக்கிறது.

ரியல் இயர் மெஷர்மென்ட்டில் மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைக் காதுக்குள் செவிப்பறைக்குச் சில மில்லிமீட்டர் அருகில் வைத்து, அதன் மேல் கருவியை மாட்டி, ஸ்பீக்கரில் பேச்சு ஒலியை விடுவார்கள். பொதுவாக அந்த ஒலி ஆறு மொழிகளில் பெண்கள் பேசியதைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது. பேச்சு போலவே இருக்கும், ஒரு சொல்லும் புரியாது. புரியவில்லையே என்று பதற வேண்டாம், அது வேண்டுமென்றே அப்படித்தான் செய்யப்பட்டது. மெல்லிய பேச்சு, சாதாரணப் பேச்சு, உரத்த பேச்சு என மூன்று அளவில் விட்டு, செவிப்பறை அருகே எவ்வளவு வருகிறது என்று அளந்து, என்.ஏ.எல்.-என்.எல்.2 அல்லது டி.எஸ்.எல். போன்ற சூத்திரம் சொல்லும் இலக்கோடு ஒப்பிடுவார்கள். வலி இருக்காது, லேசாகக் கூசும், அவ்வளவுதான்.

திரையில் இரண்டு கோடுகள் தெரியும்: இலக்கு, உங்கள் அளவு. பெரும்பாலான சுருதிகளில் இரண்டுக்கும் இடைவெளி 5 டெசிபலுக்குள் இருந்தால் நல்ல பொருத்தம். இலக்கு வரை ஏற்றினால் முதல் நாளில் கூர்மையாகக் குத்தும் என்று கொஞ்சம் குறைத்து வைப்பதும் உண்டு. அப்படிச் செய்தால் எவ்வளவு குறைத்தார்கள், எப்போது ஏற்றுவார்கள் என்று எழுதி வாங்குங்கள். குறைத்து வைத்ததை எல்லோரும் மறந்துபோய், அந்த அளவே நிரந்தரமாகிவிடும் வாய்ப்பு அதிகம்.

“நாங்கள் மாட்டிவிட்டு அறையில் பீப் ஒலி கேட்கவைத்துப் பார்ப்போம், அது போதும்” என்று சொல்லும் இடங்கள் உண்டு. மெல்லிய ஒலி எட்டுகிறதா என்று மட்டும் அது காட்டும். சாதாரணப் பேச்சும் உரத்த ஒலியும் எப்படி வருகின்றன என்பதைக் காட்டாது. இதற்கான இயந்திரமே இல்லாத இடம் என்றால் வேறு இடம் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டியவை: ரியல் இயர் அச்சுப்பிரதி, கருவிகளின் வரிசை எண்கள், எந்தச் சூத்திரம் என்ற குறிப்பு, வாரண்டி அட்டை, அடுத்த சந்திப்பின் தேதி.

7. முதல் வாரங்கள்: மாட்டுங்கள், குறித்துவையுங்கள்

முதல் சில நாட்களில் எதையும் அளக்க வேண்டாம். சொந்தக் குரலே பானைக்குள் பேசுவது போல இருக்கும். காகிதம் கசங்குவது எரிச்சலூட்டும். மூளை இந்த ஒலிகளுக்குப் பழக வேண்டும். அமைதியான வீட்டில் ஒருவரோடு பேசுவதில் தொடங்கி மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.

தினமும் இரண்டு வரி எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள், எங்கே புரிந்தது, எங்கே தொல்லை. “சத்தம் சரியில்லை” என்று ஆடியாலஜிஸ்டிடம் சொன்னால் அவரால் எதையும் திருத்த முடியாது. “குழாயில் தண்ணீர் விழும் சத்தம் குத்துகிறது”, “என் குரல் எதிரொலிக்கிறது”, “போனைக் காதில் வைத்தால் விசில் அடிக்கிறது” என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தம் உண்டு. மாலையில் எவ்வளவு களைப்பாக இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நாள் முழுக்கக் கவனித்துக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோவது குறைந்தால் அதுவும் பலன்தான், சோதனை அறையில் அது தெரியவராது.

பெரும்பாலான கருவிகள் தினமும் எத்தனை மணி நேரம் இயங்கின என்று தாமே பதிவு செய்கின்றன. மறுசந்திப்பில் அந்த எண்ணைக் கேளுங்கள். ஆனால் கழற்றி அணைக்காமல் மேசையில் வைத்த நேரமும் அதில் சேரலாம். உங்கள் குறிப்போடு சேர்த்துப் படித்தால்தான் உண்மை தெரியும்.

8. மறுபடி அளப்பது

இரண்டு, மூன்று வாரத்தில் வரும் முதல் மறுசந்திப்பு ட்யூனிங்குக்கானது. ஆறு முதல் எட்டு வாரத்தில், கடைசி ட்யூனிங் முடிந்து இரண்டு வாரமாவது ஆன பிறகு, பலனை அளக்கலாம். சோதனைக் காலம் அதற்குள் முடிந்துவிடும் என்றால் முடிவதற்கு முன் ஒருமுறை, எட்டாவது வாரத்தில் இன்னொருமுறை எனப் பிரித்துக்கொள்ளுங்கள். அல்லது நீட்டித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள், தருபவர்கள் உண்டு.

அன்று செய்ய வேண்டியது முன்பு செய்ததையேதான். அதே பேச்சுச் சோதனை, அதே சொல் எண்ணிக்கை, அதே டெசிபல், இம்முறை கருவியோடு. முன்பு ஹெட்போனில் சோதித்துவிட்டு இப்போது ஸ்பீக்கரில் சோதித்தால் ஒப்பிட முடியாது. ஆகவே ஸ்பீக்கரில் கருவி இல்லாமல் ஒருமுறை, கருவியோடு ஒருமுறை என அன்றே இரண்டும் கேளுங்கள். ஒலி அளவு சாதாரணப் பேச்சின் அளவாக, சுமார் 65 டெசிபலாக இருக்கட்டும். உரக்க வைத்துச் சோதித்தால் எல்லோருக்கும் நல்ல மதிப்பெண் வரும், வீட்டில் யாரும் அப்படிப் பேசப்போவதில்லை.

போகும் முன் வடிகட்டியில் அழுக்கு இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா, காதில் மறுபடி குரும்பி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று போதும் மொத்தச் சோதனையையும் கெடுக்க.

கோசி தாளை எடுத்து ஐந்து வரிக்கும் விடை எழுதுங்கள். எச்.எச்.ஐ.இ.யை மறுபடி நிரப்புங்கள். நிரப்பும்போது பழைய தாளைப் பார்க்காதீர்கள், முடித்த பிறகு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

9. எண்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால்

அடிக்கடி முரண்படும். ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது என்பதால் அதில் ஆச்சரியமில்லை. முரண் எங்கே என்று பார்த்தாலே அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும்.

சோதனை அறையில் மதிப்பெண் ஏறியிருக்கிறது, ஆனால் வாழ்க்கையில் திருப்தி இல்லை என்றால் மாட்டும் நேரத்தைப் பாருங்கள். தினம் ஒரு மணி நேரம் மாட்டுபவருக்குக் கேள்வித்தாளில் மாற்றம் வராது. ஏன் கழற்றுகிறார்? காது வலிக்கிறதா, மாட்டத் தெரியவில்லையா, விரலுக்கு அந்தச் சின்ன பேட்டரி பிடிபடவில்லையா, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சமா? முதல் மூன்றுக்கும் அச்சை மாற்றுவது, ரீசார்ஜ் செய்யும் வகைக்குப் போவது என்று எளிய தீர்வு உண்டு. நாலாவதற்கு வீட்டார் பொறுமையாகப் பேச வேண்டும்.

நேரமும் சரி, மதிப்பெண்ணும் சரி, ஆனால் இரைச்சலில் மட்டும் சிரமம் என்றால் ரிமோட் மைக்கையும், உட்காரும் இடத்தை மாற்றுவதையும், வீட்டார் முகம் பார்த்துப் பேசுவதையும் முயன்று பாருங்கள். இன்னும் விலை கூடிய கருவிதான் தீர்வு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ரியல் இயர் இலக்கை எட்டாமல் நிற்கும் விலை கூடிய கருவியைவிட, இலக்கை எட்டிய சாதாரணக் கருவி நன்றாக வேலை செய்யும்.

திருப்தி நிறைய, ஆனால் பேச்சுச் சோதனையில் மாற்றமே இல்லை என்றால் ரியல் இயர் அச்சுப்பிரதியை எடுத்து இலக்கை எட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். புதுப் பொருள் வாங்கிய மகிழ்ச்சியும், செலவு செய்த பிள்ளைகளின் மனம் நோகக் கூடாது என்ற எண்ணமும்கூட நல்ல விடைகளை எழுதவைக்கும். அந்தத் திருப்தியை மறுக்க வேண்டாம், ட்யூனிங்கை மட்டும் சரிபாருங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பேச்சு புரியவில்லை என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) பற்றிக் கேட்க வேண்டிய நேரம் அது. நன்றாகக் கேட்கும் காதிலேயே சராசரி 60 டெசிபல் அல்லது அதற்கு மேல் இருந்து, கருவி இல்லாமல் எடுத்த சொல் மதிப்பெண்ணும் 60 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால், அந்த மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்ற எளிய விதியைப் பல ஆடியாலஜிஸ்ட்கள் பயன்படுத்துகிறார்கள். மதிப்பீட்டுக்குப் போவதாலேயே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று இல்லை. நீங்கள் சேர்த்துவைத்த காகிதங்கள் எல்லாம் அங்கே தேவைப்படும்.

10. வருடத்துக்கு ஒருமுறை

ஒரு கோப்பில் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள், போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். வருடம் ஒருமுறை கருவி இல்லாமல் ஆடியோகிராம், கருவியோடு ஒரு பேச்சுச் சோதனை, ஐ.ஓ.ஐ.-எச்.ஏ. போதும். ஆடியோகிராமில் ஏதோ ஒரு சுருதியில் 5 டெசிபல் மாறினால் அது சோதனையிலேயே வரக்கூடிய ஏற்ற இறக்கம். 10 அல்லது அதற்கு மேல், அதுவும் அடுத்தடுத்த சுருதிகளில் மாறியிருந்தால் கருவியை மறுபடி ட்யூன் செய்து ரியல் இயர் எடுக்கச் சொல்லுங்கள். கோசி பட்டியலையும் அப்போது புதிதாக எழுதுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மீட்டிங் வரி தேவைப்படாது, அந்த இடத்தில் இப்போது வேறு யாருடைய குரலோ வந்திருக்கும்.